பூட்ஸ் நாடா

"சித்தப்பா எப்படி இருக்காங்க? சாப்பிட்டாங்களா?"

பல் தேய்த்த கையோடு அவன் போனை எடுத்துவிடுவான். எதிர்முனையில் குழல்காரரின் மகள். அவள் சொல்வதையெல்லாம் கேட்டுவிட்டு, "உடம்பைப் பார்த்துக்கச் சொல்லும்மா" என்று வைப்பான்.

அப்பாவின் கூட்டாளியை இப்படி நித்தமும் விசாரிக்கிற பிள்ளை யாருக்கு வாய்க்கும் என்று மாடி வீட்டு அம்மாள் மெச்சிக்கொள்வாள். அவன் மனைவி மட்டும் அதற்குத் தலையாட்ட மாட்டாள்.

அவளுக்கு விஷயம் தெரியும். பனி மலையில் நடந்த அந்தப் பழைய போரில் சண்டை போட்டவர்களில் மிச்சம் இரண்டே பேர். ஒருவர் அவள் மாமனார், படையில் லாரி ஓட்டியவர். இன்னொருவர் மூன்று தெரு தள்ளி இருக்கும் குழல்காரர். விடியலில் குழல் ஊதிப் படையை எழுப்பியவர். இந்த இருவரில் கடைசியாகப் போகிறவருக்குப் பீரங்கி மரியாதை, நாற்சந்தியில் சிலை, குடும்பத்துக்கு ஒரு வீடு என்று அரசாங்கம் அறிவித்தது. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்த விசாரிப்பு. அதற்கு முன்னால் குழல்காரர் வீட்டு வாசலை அவன் மிதித்ததே இல்லை.

"இன்னும் ஒரு வாய் சாப்பிடுங்கப்பா. அவருக்கு மூச்சு வாங்குதாம். நீங்க இந்த மாசத்தைத் தாண்டினா போதும்" என்று அப்பாவின் வாயில் கரண்டியைத் திணிப்பான்.

கிழவர் சிரிப்பார். "கடைசியா வர்றவனுக்குப் பரிசு குடுக்கிற பந்தயத்தை இப்பத்தாண்டா பார்க்கிறேன்."

அவருக்கு முந்திக்கொள்ளத்தான் ஆசை. அதை மருமகளிடம் மட்டும் சொல்லியிருந்தார். பனி மலையில் விரல் விறைத்துப் போனால் தன் பூட்ஸ் நாடாவைத் தானே கட்ட முடியாதாம். அடுத்தவன் காலை மடியில் வாங்கி வைத்துக் கட்டிவிடுவானாம். அந்தப் பழக்கம் ஊர் திரும்பிய பிறகும் விடவில்லை. கூட்டாளிகளில் யார் செத்தாலும் பூட்ஸை மாட்டி, மிச்சமிருப்பவர்களில் ஒருவர் போய் நாடா கட்டிவிட்டு வருவார்.

"கடைசி ஆளுக்கு யாரும்மா கட்டுவா? அவன் செருப்போடதான் போகணும். நான் முன்னாடி போயிட்டா குழல்காரன் வந்து கட்டிடுவான்."

வியாழக்கிழமை காலையில் மகன் போனை வைத்ததும் அவரே கேட்டார், கூட்டாளி எப்படி இருக்கிறான் என்று. தூங்குகிறாராம் என்றான்.

"நேத்தும் அதையே சொன்னே. எல்லாரையும் எழுப்பினவன், விடிஞ்சப்புறம் தூங்க மாட்டானே" என்று முனகினார்.

அன்று மத்தியானம், மருமகள் கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார்.

மகன் அழுதான். நிஜமாகத்தான் அழுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து ஜன்னலைச் சாத்தினான்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதே. அவரும் இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கார். அவர் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்."

"மாமா கேட்டது ஒண்ணே ஒண்ணுங்க. சித்தப்பா வந்து நாடா கட்டணும்."

"இன்னும் எத்தனை வருஷம் வாடகை வீட்டுல கிடக்கப் போறே? நாடாதானே, நான் கட்டறேன்."

"நீங்க கட்டினா அது வெறும் முடிச்சு."

அவன் ஐஸுக்குச் சொல்லி அனுப்பினான். மீன் சந்தையிலிருந்து பின்கட்டு வழியாக ஐஸ் கட்டி வந்தது. எதற்கென்று ஐஸ்காரன் கேட்கவில்லை. மரத்தூள் போட்டு மூடி வைத்தால் சீக்கிரம் கரையாது என்று, பழகிய வேலை போலச் சொல்லிவிட்டுப் போனான்.

அவள் பூட்ஸை எடுத்து வந்தாள். விறைத்த காலில் அதை மாட்டுவதற்குள் அவளுக்குக் கை ஓய்ந்துவிட்டது. நாடாக்கள் இரண்டு பக்கமும் தொங்கின. அவள் தொடவில்லை.

மறுநாள் காலை அவன் குரல் கொஞ்சங்கூடத் தடுமாறவில்லை. "சித்தப்பா எப்படி இருக்காங்க?... அப்பாவா? ஜம்முனு இருக்கார். இப்பத்தான் கஞ்சி குடிச்சார்."

போனை வைத்துவிட்டு நாற்காலியை எட்டி உதைத்தான். "தூங்கறாராம். இந்த மனுஷன் என்ன, இப்படி இழுத்துக்கிட்டே கிடக்கார்?"

சனிக்கிழமை, இன்னும் ஐஸ் வேண்டும் என்று அவன் வெளியே போன நேரத்தில் அவள் போனை எடுத்தாள். குழல்காரரின் மகள்தான் பேசினாள். கேட்பதற்கு முன்பே, "அப்பா தூங்கறாங்க அண்ணி" என்றாள்.

"எழுப்பும்மா. உங்க பெரியப்பா வியாழக்கிழமையே போயிட்டார். உங்க அண்ணன் என்னைத் துரத்தினாலும் சரி, மறைக்க என்னால முடியலை. சிலை, வீடு எல்லாம் உங்களுக்கே இருக்கட்டும். அப்பாவை நாற்காலியில வச்சாவது தூக்கிட்டு வாங்க. அவர் வந்து நாடா கட்டினாத்தான் மாமாவை அனுப்ப முடியும்."

அந்தப் பக்கம் அடக்கிய அழுகை கேட்டது.

"அண்ணி... எங்க வீட்டுக்காரர் சொல்லக் கூடாதுன்னுட்டார். அப்பாவுக்குப் பூட்ஸ் மாட்டி வச்சிருக்கேன். பெரியப்பா வந்து கட்டுவார்னு நாடாவைக் கட்டாம வச்சிருக்கேன். புதன்கிழமையிலேர்ந்து."