காதில் ஈரம்

ஈப்போவில் எங்கள் சாப்பாட்டுக் கடையில் ஆர்டரை யாரும் எழுதுவதில்லை. ஷாஃபி வாசலில் நின்று கத்துவான், நான் உள்ளே பால் ஆற்றிய தே தாரிக், பாலில்லாத தே ஓ என்று டீத்தண்ணி கலக்குவேன். திடீரென்று அவன் குரல் போய்விட்டது. குரல்நாண் சரியாக மூடவில்லையாம், பேசினால் முக்கால்வாசி காற்றுதான். அதனால் ஒவ்வொரு ஆர்டருக்கும் என் காதுக்கே வந்தான்.

“மச்சான், தே தாரிக் ரெண்டு லா.”

சீ! வெதுவெதுப்பான ஈர மூச்சு. புளித்த ஒட்டுப்பால் நாற்றம். இத்தனைக்கும் அவன் ரப்பர் தோட்டத்துப் பக்கமே போனதில்லை. அவன் பார்க்கும்படியே துண்டால் காதைத் துடைப்பேன்.

“எனக்குக் குமட்டுதுண்ணே, இவன அனுப்பிடுங்க” என்று முதலாளியிடம் சொன்னேன். அனுப்பிவிட்டார். ஷாஃபி தன் ஊரான பத்து காஜாவுக்கே போய்விட்டான்.

மறுநாள் மத்தியானம் என் காதில் அதே ஈரம், அதே நாற்றம்.

“மச்சான், தே ஓ ஒண்ணு.”

பழக்கத்தில் கலக்கிவிட்டுத் திரும்பினேன். பக்கத்தில் யாருமில்லை. கடைசி மேசையில் மட்டும் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, தே ஓ நீங்களா கேட்டீங்க?” என்று இங்கிருந்தே கத்தினேன். என் வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது.

அவ்வளவு தூரத்தில் இருந்த அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கைக்குட்டையை எடுத்துக் காதைத் துடைத்தார்.