பறக்கத் தகுதியுள்ள துடைப்பம்

விமானம் பழுதுபார்க்கும் கொட்டகை ஒன்றில் ஒரு புது போல்ட் இருந்தது. அங்கே நின்ற விமானத்தின் இறக்கையில் ஓர் ஓட்டை அதற்காகவே காத்திருந்தது. கழுத்தில் 'பறக்கத் தகுதியுள்ளது' என்ற மஞ்சள் சீட்டு தொங்கியதால் போல்ட்டுக்குக் கொஞ்சம் தலைக்கனம் வேறு.

ஒருநாள் காலை துடைப்பம் பெருக்கிக்கொண்டு போனபோது, சீட்டின் நூல் அதன் ஈர்க்குச்சியில் மாட்டிக்கொண்டு கூடவே போய்விட்டது. போல்ட் கத்துவதற்குள் ரப்பர் ஸ்டாம்ப் சோதனைக்கு வந்துவிட்டது.

"உன் சீட்டு எங்கே?"

"அந்தத் துடைப்பத்துல மாட்டியிருக்குங்க. அது என்னோடதுதான்."

"உன்னோடதுன்னு எதுல எழுதியிருக்கு?"

"அந்தச் சீட்டுலதாங்க."

"அதுதான் துடைப்பத்துகிட்ட இருக்கே," என்று ஸ்டாம்ப் போல்ட்டைக் கழிவு டப்பாவில் தள்ளியது.

துடைப்பத்துக்கு மனசு கேட்கவில்லை. "ஐயா, நான் தரை கூட்டுறவ. எனக்கும் பறக்கிறதுக்கும் சம்பந்தமே இல்ல."

"சீட்டு இருக்கிறவங்க இப்படித்தாம்மா தன்னடக்கமா பேசுவாங்க," என்று ஸ்டாம்ப் அதை மரியாதையாக இறக்கைக்கு அனுப்பிவைத்தது.

போல்ட் டப்பாவுக்குள் கிடந்து பொருமியது. துடைப்பத்தை நம்பி அந்த விமானம் மேலே போனால் என்ன ஆகும் என்று நினைக்கவே அதன் மரையெல்லாம் சிலிர்த்தது.

சாயங்காலம் டப்பாவுக்குப் பக்கத்தில் ஏதோ பெரிதாக உருண்டு வந்து நின்றது. எட்டிப் பார்த்தால், அதே விமானம். மூக்கில் 'கழிவு' என்று ஈரம் காயாத முத்திரை.

"என்னண்ணே, உங்க சீட்டும் தொலைஞ்சிடுச்சா?"

"அதெல்லாம் பத்திரமா இருக்குப்பா," என்றது விமானம். "என் ஓட்டையிலதான் துடைப்பம் நுழையலையாம்."