வாங்குகிறவனுக்குத் தெரியும்

பின்னால் வந்து நின்ற தோல் கோட்டுக்காரன் நகர்வதாக இல்லை. ரகசியப் போலீஸ்தான் என்று பேராசிரியர் திபேரியு முடிவு செய்துவிட்டார். சட்டைக்குள் ஒளித்து வைத்திருந்த காகிதக் கட்டை முழங்கையால் இறுக்கிக்கொண்டார்.

டிராம் நிறுத்தத்தை ஒட்டியிருந்த அந்தக் கடை வாசல்தான் இலிங்கா குறித்துக் கொடுத்த இடம். வினிகர் பாட்டில்களைத் தவிர உள்ளே ஒன்றும் கிடையாது, மதியத்துக்கு மேல் பூட்டிக் கிடக்கும், ஈ காக்கை வராது என்று சொல்லியிருந்தாள். யாஷ் நகரத்தில் அப்படிப்பட்ட கடைகளுக்கா பஞ்சம்?

இலிங்கா அவரிடம் படித்தவள். பாட்டுக் குழுவோடு மறுநாள் வியன்னாவுக்குக் கிளம்புகிறாள். கட்டு அவள் கைக்குப் போய்விட்டால் ருமேனியாவின் எல்லையைத் தாண்டிப் புத்தகமாகிவிடும். அகப்பட்டால் இருவருக்கும் சிறை.

வெகுகாலம் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் நடத்தியவர் திபேரியு. கடைகளில் ஏன் இறைச்சி இல்லை என்று வகுப்பில் ஒருவன் கேட்டபோது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். விலையை வாங்குகிறவனும் விற்கிறவனும் பேசி முடிக்க வேண்டும், அமைச்சர் முடிவு செய்தால் இறைச்சிக் கடையில் கொக்கி மட்டும்தான் தொங்கும் என்று சொல்லிவிட்டார். அந்த வாரமே நூற்பு ஆலைக்குத் தூக்கி அடித்தார்கள்.

ஆலையில் கழித்துப் போட்ட தாள்களின் பின்பக்கத்தில்தான் புத்தகத்தை எழுதினார். தட்டச்சு இயந்திரம் வைத்திருந்தால் வருடா வருடம் போலீசில் எழுத்து மாதிரி கொடுக்க வேண்டும், அதனால் எல்லாம் கையெழுத்து. 'தனக்கு என்ன வேண்டும் என்பது வாங்குகிறவனுக்குத் தெரியும்' என்பது முதல் வரி. அதை அவர் பெருமையோடு படித்துக் காட்டியபோது மனைவி ஸ்மரண்டா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“வாங்கறவனைப் பத்தி இவ்வளவு எழுதறீங்களே, என்னைக்காவது கடைக்குப் போய் ஒரு முட்டை வாங்கிட்டு வந்திருக்கீங்களா?”

அந்த வேலையெல்லாம் அவள் தலையில்தான்.

இப்போது திரும்பிப் பார்க்கத் தைரியம் வராமல், கடைக் கதவின் கண்ணாடியில் பார்த்தார். தோல் கோட்டுக்காரனுக்குப் பின்னால் கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெண்மணியும் சேர்ந்திருந்தாள். அவன் கோட்டுப் பையிலிருந்து ஒரு கயிற்று நுனி வெளியே தொங்கியது. கையைக் கட்டுவதற்குத்தான் என்று நினைத்தார்.

அந்தப் பெண்மணி தணிந்த குரலில் கேட்டாள்.

“ரொம்ப நேரமா நிக்கறாரா?”

“நான் வரும்போதே நின்னுட்டு இருந்தாரு. பார்த்தா விஷயம் தெரிஞ்ச ஆளு மாதிரி இருக்கு.”

“போயிட மாட்டாரே?”

“எங்க போவாரு? அவரு நிக்கற வரைக்கும் நாமளும் நிக்க வேண்டியதுதான்.”

பெண்மணி எதிர்ச்சாரியைப் பார்த்துக் கையசைத்தாள். அங்கிருந்து ஒரு ஆள் சாலையைக் கடந்து ஓடிவந்தான். டிராமிலிருந்து இறங்கிய இருவர் அவர்களைப் பார்த்தார்கள், உடனே வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒற்றைக் கிழவனைப் பிடிக்க இத்தனை பேரா என்று திபேரியுவுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தார். தோல் கோட்டுக்காரனும் நகர்ந்தான். அவன் பின்னால் இருந்தவர்களும் நகர்ந்தார்கள்.

அப்போது சீருடையில் ஒரு போலீஸ்காரர் வந்தார். பெண்மணியிடம் என்னவோ கேட்டார், அவள் பேராசிரியரை முகவாயால் காட்டினாள். போலீஸ்காரர் தலையை ஆட்டிவிட்டு, கையுறையைக் கழற்றியபடி மற்றவர்களோடு போய் நின்றுகொண்டார்.

இனி இலிங்கா வந்துவிடக் கூடாதே என்று திபேரியு வேண்டிக்கொண்டார். கடவுள் இல்லை என்று கம்யூனிஸ்டுக் கட்சி சொன்னதை அவர் அதுவரை மறுத்ததில்லை. ஆனாலும் வேண்டிக்கொண்டார்.

அவள் வந்தாள். சிவப்புக் கழுத்துத் துணி, கையில் இசைத்தாள் பை. கண்ணாடியில் இரண்டு பேர் கண்ணும் சந்தித்தன. ஓடிவிடு என்று அவர் கண்ணாலேயே கெஞ்சினார்.

இலிங்கா ஓடவில்லை. கூட்டத்தை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாள். பிறகு பழகிய இடத்துக்குப் போகிறவள்போல நேராகப் போய் போலீஸ்காரர் பக்கத்தில் நின்றாள். அவர் ஏதோ கேட்க, சிரித்துக்கூடப் பேசினாள்.

இவளுமா? பெற்ற மகளைப்போல் நினைத்து, சொந்தப் புத்தகங்களைக் கொடுத்துப் படிக்க வைத்த பெண். திபேரியுவுக்கு நெஞ்சு வலித்தது, பயத்தைவிட அது பெரிதாக இருந்தது.

எல்லாம் முடிந்தது. வீட்டுக் கதவை உடைப்பார்கள், ஸ்மரண்டாவை முடியைப் பிடித்து இழுத்துப் போவார்கள். அவளையாவது காப்பாற்றிவிட வேண்டும். கட்டைத் தானாகவே கொடுத்துவிட்டால் அவளை விட்டுவிடக்கூடும்.

கையைச் சட்டைக்குள் விட்டபடி திரும்பினார். வாசலிலிருந்து டிராம் நிறுத்தம் வரை ஒருவர் பின் ஒருவராக நின்றிருந்த அத்தனை பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

“என் மனைவிக்கு இது எதுவும் தெரியாது, தோழர்” என்றார்.

தோல் கோட்டுக்காரன் பரிதாபமாக அவரைப் பார்த்தான். பிறகு பையிலிருந்து கயிற்றை இழுத்து உதறினான். அது ஒரு காலி வலைப்பையாக விரிந்தது.

“அதனால என்ன தோழர், அவங்களுக்கும் சேர்த்து வாங்கிட்டுப் போங்க. ஆமா, நீங்கதானே முதல்ல நின்னீங்க, இன்னைக்கு இங்க என்ன குடுக்கறாங்க?”