எந்தப் பலகை ஒழுகுது?

“அண்ணே, உள்ள தண்ணி ஊத்திப் பார்த்தாச்சு. வெளிய ஒரு பொட்டுகூட வரல. அப்ப தினம் காலையில உள்ள நிக்குற தண்ணி வானத்துலேர்ந்தா குதிக்குது?”

கரையேற்றி வைத்திருந்த மரப்படகின் அடியில் மல்லாந்து படுத்தபடி கத்தினார் தம்பி. படகு நிறையக் குழாய்த் தண்ணீர் விட்டிருந்தார்கள். ஓட்டை இருந்தால் அது வழியாக வெளியே சொட்டும். சொட்டும் இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டால் பாதி வேலை முடிந்தது. காலையிலிருந்து அந்த சாக்பீஸ் தேயவே இல்லை.

“கண்ணை நல்லா துடைச்சுக்கிட்டுப் பாருடா,” என்றார் அண்ணன்.

“பலகை பலகையா தடவிப் பார்த்துட்டேன். என் பொண்டாட்டி முகத்தைக்கூட இவ்வளவு உத்துப் பார்த்ததில்ல.”

பக்கத்தில் நின்ற படகுத் தச்சர் சிரித்துவிட்டார். இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது. வாய் மட்டும் அந்தக் காலத்தில் இருந்த மாதிரியே இருந்தது.

படகை வாங்குவதற்கு நாளைக் காலை ஆள் வருகிறது. ஒழுகுகிற படகென்றால் வேண்டவே வேண்டாம் என்று அந்த ஆள் கறாராகச் சொல்லியிருந்தார். விற்றுவிட்டால் தம்பி குடும்பத்தோடு மனைவியின் ஊருக்குப் போய்விடுவார். அங்கே ஐஸ் கம்பெனியில் மேற்பார்வை வேலை தயாராக இருக்கிறது. ஒற்றை ஆளாக அண்ணனால் இந்தப் படகைக் கடலுக்குள் கொண்டுபோக முடியாது.

“போகலாம்னு இருக்கேண்ணே” என்று தம்பி சொன்ன அன்றைக்கு, “போகாதடா” என்ற வார்த்தை அண்ணனின் நாக்கு நுனி வரை வந்தது. நல்ல வேலை, நனையாத சட்டை. அதைக் கெடுக்க அவருக்கு மனசு வரவில்லை. “நல்லதுடா, போ” என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடுகிறவர் மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது படகைச் சுற்றி வந்தவர், ஒட்டுப் போட்டிருந்த ஒரு பலகையைத் தட்டினார். “இது ஞாபகம் இருக்கா?”

“மறக்குமா? பாறையில உரசினப்ப சுக்கானைப் பிடிச்சிருந்தது நீங்க. அப்பாகிட்ட நான்தான் பிடிச்சேன்னு சொல்லி என்னை மாட்டி விட்டீங்க.”

“நீ சின்னவன், அடிக்க மாட்டாருன்னு நினைச்சேன்.”

“நல்லா நினைச்சீங்க!” என்று தம்பி முதுகைத் தடவிக்கொண்டார். பிறகு எழுந்து வந்து விளிம்பில் கை வைத்தார். “கல்யாணமான புதுசுல அண்ணியைக் கூட்டிட்டுப் போனீங்களே. பாவம், இதைப் பிடிச்சுக்கிட்டுக் குடலே வெளிய வர்ற மாதிரி வாந்தி எடுத்தாங்க.”

“கரைக்கு வந்ததும் அம்மா வீட்டுக்குப் போறேன்னு கிளம்பினா. நீதானே பெட்டியை ஒளிச்சு வச்சே?”

“பின்னே? அவங்க போயிட்டா நமக்குச் சோறு யாரு போடறது?”

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அண்ணன் படகின் விளிம்பைத் தடவினார். அடுத்த வாரம் இந்நேரம் யாரோடு இப்படிப் பேசப் போகிறோம் என்று நினைத்தார். தேட வந்த ஓட்டையை மறந்து அவர்கள் பேசிக்கொண்டே போனதில் வெயில் தாழ்ந்துவிட்டது.

“பேச்சுலேயே படகை ஓட்டிடுவீங்க போல,” என்றார் தச்சர். “உள்ள இருக்கிற தண்ணியை இறைச்சுட்டு, இதைத் துறையில வழக்கமான இடத்துல மிதக்க விட்டுட்டு வீட்டுக்குப் போங்க. எனக்கு ஒரு வழி தெரியும். காலையில சொல்றேன்.”

மறுநாள் அண்ணன் துறைக்கு வந்தபோது தச்சர் மட்டும் உட்கார்ந்திருந்தார். படகுக்குள் வழக்கம்போலக் கணுக்கால் அளவு தண்ணீர்.

“தம்பி வரலையே? நல்லதாப் போச்சு. பெரியவரே, நேத்து நீங்க போனதும் படகோட உள்பக்கம், விளிம்பு எல்லாத்துலயும் சுண்ணாம்பு பூசி வச்சேன். தண்ணி அடியிலேர்ந்து ஏறியிருந்தா மேல பூசினது அப்படியே இருக்கணும். இங்க பின்பக்கம் பாருங்க, விளிம்புலேர்ந்து கீழ வரைக்கும் கழுவிக்கிட்டு இறங்கியிருக்கு. இது ஒழுகின தண்ணி இல்ல. யாரோ மேலேர்ந்து ஊத்தின தண்ணி.”

அண்ணன் அந்தத் தடத்தைக் குனிந்து பார்த்தார். முழுப் பூசணிக்காயை எவ்வளவு நேரம்தான் சோற்றில் மறைப்பது?

“நான்தான்,” என்றார். “ஒழுகினா விக்காது. விக்காட்டி அவன் போக மாட்டான். வாயைத் திறந்து, இருடான்னு சொல்லத் துப்பில்ல. அதான் வாளியைத் தூக்கினேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “போதும். அவன் நல்லா இருக்கறதை நானே கெடுக்கக் கூடாது. ஓட்டையே இல்லன்னு வர்றவர்கிட்ட சொல்லிடுங்க. அவன் போகட்டும். இந்த விஷயம் மட்டும் அவன் காதுக்குப் போயிடக் கூடாது.”

“சொல்லிடறேன். ஆனா நீங்க ஊத்தினது பின்பக்கம்தானே?”

“ஆமா.”

“முன்பக்கமும் இதே மாதிரி ஒரு தடம் இருக்கே?”

அண்ணன் எட்டிப் பார்ப்பதற்குள் பின்னால் தடதடவென்று காலடிச் சத்தம் கேட்டது.

“இன்னிக்கும் தண்ணியா? வாங்க வர்றவருக்கு என்னண்ணே பதில் சொல்றது?” என்று தலையில் அடித்துக்கொண்டே வந்தார் தம்பி. நேற்றுப் போட்டிருந்த அதே நீலச் சட்டை. அதன் முன்புறம் முழுக்க வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு.