ஒரு மணித்தியாலப் பயணம்

கொழும்பு ரத்மலானையில் எழும்பிய பிளேன் இன்னும் நிமிரக்கூட இல்லை. உசனார் பைக்குள் கையை விட்டு ஒரு பேக்கரிப் பணிஸை வெளியே எடுத்தார்.

பக்கத்தில் இருந்த மனைவி கைருன்னிஸாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நோன்பு மாதம். பட்டப்பகல்.

"என்ன இது?"

"பசிக்குது. பயணத்தில போறவன் நோன்ப விடலாம். பிறகு பிடிச்சாச் சரி."

பின் சீற்றில் அவர்களுடைய நுரைச்சோலைப் பள்ளிவாசல் நிர்வாகி றவூப். கேட்டுக்கொண்டு சும்மா இருப்பாரா?

"ஒரு மணித்தியாலத்தில யாழ்ப்பாணம், பலாலி வந்திரும் ஹாஜியார். அதுக்குள்ள வயிறு தாங்கலியோ?"

உசனார் திரும்பிப் பார்க்கவில்லை.

"மார்க்கம் பாக்கிறது தூரத்தை. மணிக்கூட்டை இல்ல. வடக்க போறதுக்கு விடிய முன்னம் ஊரில இருந்து வெளிக்கிட்டுத் தெற்க வேன்ல வந்திருக்கிறன். அதையும் சேத்துக் கணக்குப் பாருங்க."

முன்னால் யாரோ சிரித்தார்கள். கைருன்னிஸா முக்காட்டை இழுத்து விட்டாள்.

அவள் நோன்பை விடுகிற ஆளில்லை. போன வருசம் நோன்போடு ரத்தத்தில் சீனி இறங்கிக் குசினி அடுப்படியில் விழுந்தாள். இன்னொரு தரம் விழுந்தால் எழும்ப மாட்டாய் என்றார் டொக்டர். நோயாளிக்கு நோன்பு கடமையில்லை என்று மௌலவி வீட்டுக்கே வந்து சொன்னார். யாழ்ப்பாணத்தில் இருக்கும் மகள் சப்னா போனில் அழுதாள். "நானென்ன நோயாளியா?" என்று கைருன்னிஸா எல்லார் வாயையும் அடைத்துவிட்டாள்.

இப்போதும் விரல்கள் நடுங்கின. நெற்றியில் குளிர்ந்த வியர்வை. கைகளை முக்காட்டுக்குள் ஒளித்துக்கொண்டாள்.

உசனார் பணிஸை இரண்டாகப் பிய்த்தார்.

"இந்தா."

"எனக்கு வேணாம்."

"தனியத் திண்டா எனக்கு இறங்காதெண்டு தெரியும்தானே. பிடி."

அது உண்மை. கலியாணம் கட்டிய நாளிலிருந்து மனிசன் தனியாகச் சோற்றுக் கோப்பையில் கை வைத்ததில்லை. பின்னால் றவூப் செருமினார். ஊருக்குப் போனால் பள்ளி முழுக்க இனி இதுதான் கதை. அந்த வெட்கத்தை அவர் ஒருவரே சுமக்கட்டும் என்று விட அவளுக்கு மனம் வரவில்லை.

"பாதி வெக்கம் எனக்கும் இருக்கட்டும்," என்று முணுமுணுத்தாள். பிஸ்மி சொல்லிவிட்டுத் தின்றாள்.

உசனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தாடை அசைந்தது.

கொஞ்ச நேரத்தில் அவள் விரல்களின் நடுக்கம் நின்றது. அதைக் கடைக்கண்ணால் பார்த்த பிறகுதான் அவர் சீற்றில் சாய்ந்தார்.

பலாலியில் இறங்கியதும் மகளுக்குக் கோல் எடுக்க வேண்டும். உசனாரின் இரண்டு கையிலும் பெட்டி. கைருன்னிஸா கேளாமலே அவருடைய சட்டைப் பைக்குள் போனைத் தேடினாள்.

முகம் துடைக்கிற லேஞ்சிதான் கையில் வந்தது. அதற்குள் பாதிப் பணிஸ். கடித்த தடமே இல்லை.

நிமிர்ந்து பார்த்தாள். மனிசனின் உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"என்ன ஹாஜியார், வயிறு ஆறிட்டா?" றவூப் அவர்களைத் தாண்டிப் போனார்.

"ஓம், ஓம்," என்றார் உசனார். "வழிய விடுங்க."

கைருன்னிஸா வழியை மறித்து நின்றாள். லேஞ்சியை விரித்துக் காட்டினாள்.

"இவர் நோன்பு, றவூப் நானா. விட்டது நான். நான் நோயாளி."