பீச் தோட்டத்தில் ஐந்து நாள்

"அப்பா, ஜப்பானில உங்களுக்கு ஆர் இருக்கினம்?" என்று அனோஜா கேட்டாள்.

"ஒருத்தரும் இல்லைப் பிள்ளை. பீச் பழம் விளையிற ஊராம். ஒருக்காப் பாத்திட்டு வருவம் எண்டுதான்" என்றார் மரியரட்ணம்.

கனடாவில், பக்கத்து ஊரான விட்பியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வந்து போகும் மகளுக்கு அது நம்பும்படியாக இல்லை. அம்மா வேரோனிக்கா இறந்த இந்த ஒன்றரை வருடத்தில், ரூஜ் பகுதியில் இருக்கும் வீட்டை விட்டு அப்பா வெளியே போனதெல்லாம் வேலைக்கும் பூசைக்கும்தான். அதுவும் பஸ்ஸில். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அவர் கார் ஓடுவதை விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டால், கண் சரியில்லை என்பார்.

நயாகராப் பக்கம் போனாலே பீச் பிடுங்கலாம், தானே கூட்டிப் போவதாக அனோஜா சொல்லிப் பார்த்தாள். அவர் சிரித்து மழுப்பினார். தனிமை அப்பாவை என்னவோ செய்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் அவள் அவரை விமான நிலையத்தில் இறக்கிவிட்டாள்.

தோக்கியோவிலிருந்து இரண்டு மணி நேர ரயில். மலைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். பார்த்த பக்கமெல்லாம் பீச் மரங்கள். நொமுரா என்ற வயதான தம்பதி தங்கள் தோட்டத்து வீட்டில் ஓர் அறையை வெளியூர்க்காரருக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். அந்த ஐந்து நாளும் மரியரட்ணம் ஒருவர்தான் அங்கே தங்கினார்.

பேச்சுக்கு ஃபோன் உதவியது. திருமதி நொமுரா தன் மொழியில் பேசுவார். அதை ஃபோன், செய்தி வாசிக்கிற தமிழில் மொழிபெயர்த்துச் சொல்லும். மரியரட்ணத்தின் யாழ்ப்பாணத் தமிழை அது பாதிதான் விளங்கிக்கொண்டது. அதனால் அவர் குறைவாகவே பேசினார்.

காலையில் அவர்களோடு தோட்டத்துக்குப் போனார். ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு காகித உறை போட்டிருந்தது. பழத்தை விரலால் அமுக்கினால் மாலைக்குள் அந்த இடம் கறுத்துவிடும், உள்ளங்கையால் ஏந்தித்தான் எடுக்க வேண்டும் என்று நொமுரா செய்து காட்டினார். மரியரட்ணம் அப்படியே எடுத்தார். அடிபட்ட பழங்களைத் திருமதி நொமுரா தோல் சீவிக் கிண்ணத்தில் வைத்தார். தேன் மாதிரி இருந்தது.

இரவுச் சாப்பாட்டில் மூவரும் அதிகம் பேசவில்லை. கோப்பையை மேசையில் வைக்கிற சத்தம்கூடக் கேட்டது. அவருக்கு அது பழகிய அமைதிதான். தன் வீட்டுச் சமையலறைக்குள் இருப்பது போலிருந்தது.

மூன்றாம் நாள், பழப்பெட்டிகள் ஏற்றிய சிறு லொறியின் சாவியை நொமுரா அவர் பக்கம் நீட்டினார். தன் கை நடுங்குகிறது என்று சைகையால் காட்டினார்.

"எனக்கு ஓடத் தெரியாது" என்றார் மரியரட்ணம்.

கிழவர் மனைவியைப் பார்த்தார். பிறகு தானே ஏறி, மெல்ல ஓட்டிக்கொண்டு போனார்.

நான்காம் நாள் மாலை, திருமதி நொமுரா ஒரு படத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். தடித்த குளிர்ச் சட்டையில் ஒரு பெண். இருபது வயது இருக்கும். பின்னால் பனியும், தெருத் தண்டவாளத்தில் ஓடும் சிவப்பு ஸ்ட்ரீட்காரும்.

"எங்கள் மகள் மிஹோ. கனடாவில் படித்தாள். திரும்பி வரவில்லை" என்றது ஃபோன்.

கனடாவில் எந்த இடம், என்ன படித்தாள், ஏன் வரவில்லை என்று யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள். மரியரட்ணம் ஒன்றும் கேட்கவில்லை. படத்தைக் கையில் எடுக்கவும் இல்லை. ஃபோனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"அம்மா, நான்..."

இருவரும் காத்திருந்தார்கள்.

"நான் நாளைக்கு வெளிக்கிடுறன்" என்று முடித்தார்.

அன்றிரவு அவர் தூங்கவில்லை. அடுத்த அறையிலும் விளக்கு அணையவில்லை.

காலையில் இருவரும் ரயில் நிலையத்துக்கு அவரைக் கொண்டுவந்து விட்டார்கள். நிலையத்தில் வேறு பயணிகள் யாரும் இல்லை. நொமுரா தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ரயில் வர ஐந்து நிமிடம் இருந்தது. இவ்வளவு தூரம் வந்தும் சொல்லாமல் போகிறோமே என்று மரியரட்ணம் நினைத்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

திருமதி நொமுரா அவருடைய ஃபோனைக் கேட்டு வாங்கினார். நிறுத்தி நிறுத்தி, நெடுநேரம் அதில் பேசினார். பிறகு அதை அவர் கையில் வைத்து, தன் இரண்டு கைகளாலும் அந்தக் கையை மூடினார்.

ஃபோன் அதே செய்திக் குரலில் சொல்லத் தொடங்கியது.

"பதினாறு வருடங்களுக்கு முன் எங்கள் மகள் மீது மோதிய வேனை ஓட்டியவர் நீங்கள் என்று, முதல் முறை அறைக்குப் பதிவு செய்த அன்றே எங்களுக்குத் தெரியும். காவல்துறைக் கடிதத்தில் உங்கள் பெயர் இருந்தது. சாலையில் பனி உறைந்திருந்தது என்பதும் இருந்தது. இதற்கு முன்பும் இரண்டு வருடங்கள் பதிவு செய்துவிட்டு நீங்கள் வராமல் இருந்தீர்கள். முதல் வருடம், உங்களுக்கு அறை தரவே கூடாது என்று என் கணவர் கோபப்பட்டார். இரண்டாம் வருடம், கடைசி ரயில் வந்து போகும்வரை உங்களுக்காக இங்கே காத்து நின்றவர் அவர்தான்."