பதினாறு ஓட்டைகள்

இசை மனிதர்களை ஒன்றுசேர்க்கும் என்பது பாடகன் கால்டரின் கொள்கை. மான்ட்ரியலின் இந்தச் சின்ன மேடையில் அது பத்தொன்பது பேரை ஒன்றுசேர்த்திருக்கிறது; டிராம்போன்காரர் கையை நீட்டினால் முன்னால் நிற்பவளின் பின்மண்டையில் இடிக்கிறது. கச்சேரிக்கு முன் ஒலியைச் சரிபார்க்கிறார்கள். ஜன்னலில் பனியின் வெளுத்த வெளிச்சம், தரையில் பூட்சுகளிலிருந்து உருகிய சேறு, செல்லோ பெட்டியின் மேல் ஆறிப்போன உருளைக்கிழங்கு வறுவல். இந்தக் குழுவில் யார் யாரைக் காதலித்தாலும் அவரையும் வாசிக்கச் சேர்த்துக்கொள்வார்கள். காதல் போனாலும் நீக்க மாட்டார்கள், குடும்பம் அல்லவா? கால்டரின் காதலியாக ஒடீல், மரக்கட்டைகளைக் குச்சியால் தட்டி வாசிக்கும் சைலஃபோனோடு வந்தாள். போன மாதம் ஷெல்பி டாம்பரினோடு வந்திருக்கிறாள். அவளுடைய மஃப்ளரைக் கால்டர் சரிசெய்கிறான். ஒடீல் குனிந்து சைலஃபோனைத் துடைக்கிறாள். மூன்றாம் பாட்டில் எல்லோரும் சேர்ந்து அலறும்போது அவள் வாசிக்கும் நான்கு சுரங்கள் அவளுக்காகவே கால்டர் எழுதியவை. அவற்றை மட்டும் அவன் திருப்பி வாங்கவில்லை. அதை நம்பித்தான் இன்னும் இங்கே நிற்கிறாள்.

ஒலிக்காரர் ரெஜான் ஒவ்வொருவராக வாசிக்கச் சொல்கிறார். பதினாறாவதாக ஷெல்பி டாம்பரினைக் குலுக்குகிறாள்.

"அவ்வளவுதான், போய் பீர் குடிங்க."

"என்னை விட்டுட்டீங்களே, ரெஜான்?" என்கிறாள் ஒடீல்.

"ஒலிப் பலகையில மைக் ஒயர் சொருக இருக்கிறதே பதினாறு ஓட்டைதாம்மா. மிச்சத்தை நானா பெத்துப் போட முடியும்? டாம்பரினுக்கு வேணும்னு உன் மைக் ஒயரைப் போன மாசமே கால்டர் பிடுங்கச் சொல்லிட்டான். உனக்குத் தெரியாதா?"

ஒடீல் கால்டரைப் பார்க்கிறாள்.

"நமக்குள்ள என்ன ஒடீல், யாரு மைக்கா இருந்தா என்ன?" என்கிறான் அவன், மஃப்ளரை விடாமல்.

இந்த ஒரு மாதத்தில் நான்கு கச்சேரிகளில் அவள் அந்தச் சுரங்களை அழுதுகொண்டே வாசித்திருக்கிறாள். ஒன்றுகூட யாருக்கும் கேட்டிருக்காது.